எதிர்பாராத சிரிப்பு: காலை 6.25

பனையடிக்குறிச்சியில் புத்திசாலிகளே கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது பொறாமையில் சொல்வது. புத்திசாலிகள் இருக்கிறார்கள். என்ன, அவர்களில் ஒருவர்கூடப் பூரண ஒளி ஸ்டூடியோவில் வேலை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டூடியோவில் மூன்று பேர். படம் எடுப்பவர் முதலாளி கோமதிநாயகம். லைட் பிடிப்பவர் சொரிமுத்து. பையைத் தூக்குவதும் நோட்டில் எழுதுவதும் தங்கப்பழத்தின் வேலை. மூன்று பேருக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. மூன்று பேரும் தங்கமானவர்கள். அவர்களிடம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்துவிடுவார்கள். அப்படியே என்றால் அப்படியேதான்.

அந்த ஊரில் ஆவுடைச்செல்விக்கும் சங்கரலிங்கத்துக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அழுகிற பிள்ளைக்கு வலிக்காமல் ஊசி போடுவாள். சங்கரலிங்கம் மின்வாரியத்தில் லைன்மேன். புயலில் சாய்ந்த கம்பத்தில்கூட ஏறிவிடுவான். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கேமரா என்ற ஒன்றைக் கண்டுவிட்டால் போதும், அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், அவனுக்குக் கழுத்து இறுகிவிடும்.

நிச்சயதார்த்தத்தில் கோமதிநாயகம் முந்நூறு படம் எடுத்தார். முந்நூறிலும் செல்வி கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் சங்கரலிங்கம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

படங்கள் மஸ்கட்டுக்குப் போயின. செல்வியின் அப்பா கந்தவேல் அங்கே கிரேன் ஓட்டுகிறார். லீவு கிடைக்காததால் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை. அவர் முந்நூறு படத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவி பேச்சியம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஏளா, எம்மவளைக் கட்டாயப்படுத்தித்தான் கட்டிக் குடுக்கீங்களா? ஒரு படத்துலகூட அவ மூஞ்சில சிரிப்பு இல்லையே."

"அய்யோ, அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்குங்க. கேமராவைத்தான் பிடிக்கலை."

"பிடிச்சிருந்தா சிரிக்கட்டும். ரெண்டு பேரும் மனசாரச் சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரணும். வரலைன்னா திங்கக்கிழமை நான் லீவு எழுதிக் குடுக்க மாட்டேன். நான் வராம எம்மவளுக்குக் கல்யாணமும் கிடையாது."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

பேச்சியம்மாள் அழுதுகொண்டே ஸ்டூடியோவுக்கு வந்தாள். கோமதிநாயகம் கொஞ்சமும் கலங்கவில்லை. ஏனென்றால் போன மாதம்தான் அவர் மதுரைக்குப் போய், கூச்சப்படுகிற ஜோடிகளை இயல்பாகப் படம் எடுப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதியிருந்தார். வாத்தியார் நடுவில் இரண்டு தடவை தும்மியதும் அதில் இருந்தது.

"கவலைப்படாதீங்க மதினி. இது எனக்குப் பாடத்துல வந்த கேஸ்தான்" என்றார்.

புதன்கிழமை காலையில் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் போட்டார்கள். எல்லாம் இயல்பாக, தானாக நடக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தானாக நடக்க வேண்டியவற்றை எந்தெந்த நேரத்தில் நடத்துவது என்பதுதான் பேச்சு. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்துத் தங்கப்பழம் எழுதினார்: காலை 6.10, தற்செயலாகப் பார்த்துக்கொள்ளுதல். 6.15, காற்று. 6.20, முந்தானை பறத்தல். 6.25, எதிர்பாராத சிரிப்பு. 6.40, காபி.

எழுதி முடித்ததும் தங்கப்பழத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, இந்த எதிர்பாராத சிரிப்பை அவங்ககிட்ட முன்னாலயே சொல்லிரணுமா, வேண்டாமா?"

கோமதிநாயகம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "சொல்லாம எப்படிவே? எதை எதிர்பாக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே அதை எதிர்பாக்காம இருக்க முடியும்?"

"அது சரிதான்" என்றார் சொரிமுத்து. "ஆனா காத்துக்கு யாரு சொல்லுவா?"

காற்று என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, திட்டத்தை நகலெடுத்து இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் குளத்தங்கரையில் எல்லாரும் கூடினார்கள். செல்வி பச்சைச் சேலை. சங்கரலிங்கம் இஸ்திரி போட்ட சட்டை. ஆட்டோ இறக்கிவிட்ட இடத்திலேயே இரண்டு பேரும் நின்றார்கள்.

"எங்கன நிக்கணும் அண்ணாச்சி?" என்று சங்கரலிங்கம் கேட்டான்.

"அதை நாங்க சொல்லக் கூடாது மாப்பிள்ளை. போஸ் குடுக்கச் சொல்லாதேன்னு பாடத்துல இருக்கு."

"சரி, படியில உக்காரலாமா?"

"உக்காருங்கன்னு சொன்னா அது போஸ். உக்காராதீங்கன்னு சொன்னா அதுவும் போஸ்தான். எங்களை இக்கட்டுல மாட்டிவிடாதீங்க."

இரண்டு பேரும் நின்றார்கள். கோமதிநாயகம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றார். முதல் ஒரு மணி நேரம் படமே எடுக்காதே, அவர்கள் பழகட்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. தங்கப்பழம் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஆறு பத்து போனது, ஆறு இருபத்தைந்து போனது, சிரிப்பை எதிர்பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். காபி நேரத்தில் காபி குடித்தார்கள். அது மட்டும் திட்டப்படி நடந்தது.

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. நிற்கிற அலுப்பில் செல்வி ஏதோ பேச ஆரம்பித்தாள். முந்தின நாள் தடுப்பூசிக்கு வந்த மூன்று வயதுப் பையன், ஊசி போடும் முன்னால் அவள் கையைக் கடித்துவிட்டு, "இப்ப சரிக்குச் சரி" என்று சொன்னானாம். சங்கரலிங்கம் சிரித்தான். சும்மா இல்லை, தொடையில் தட்டிச் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அவன் தோளில் சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் குளத்திலிருந்து காற்றும் வந்தது. முந்தானை பறந்தது.

மூன்று பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

"என்ன ஒரு சிரிப்பு!" என்றார் சொரிமுத்து.

"மதுரை வாத்தியாரு பாக்கணும் இதை. எடுத்துருவோமா அண்ணாச்சி?" என்றார் தங்கப்பழம்.

கோமதிநாயகத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருந்தாலும் தொழில் என்றால் தொழில். "ஒரு மணி நேரம் ஆச்சாவே?"

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."

"பொறுவே."

பதினோரு நிமிஷமும் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது நிமிஷம் தங்கப்பழம் விசில் ஊதினார். "மாப்பிள்ளை! நேரம் ஆயிட்டு! இனி எடுக்கப் போறோம்!" என்று கோமதிநாயகம் கூவினார். செல்விக்குக் கண் மூடிக்கொண்டது. சங்கரலிங்கத்துக்குக் கழுத்து இறுகிவிட்டது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான். அன்றைக்கு எண்பது படம் எடுத்தார்கள். எண்பதும் நிச்சயதார்த்தப் படங்களின் அண்ணன் தம்பிகள்.

மத்தியானம் மறுபடியும் நோட்டை விரித்தார்கள். அடுத்த பாடம் இது: நீ அங்கே இருக்கிறாய் என்பதே அவர்களுக்குத் தெரியக் கூடாது.

"மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவோமா?" என்றார் சொரிமுத்து.

"ஒளிஞ்சா, ஒளிஞ்சிருக்கோம்னு தெரிஞ்சிரும்லா" என்றார் தங்கப்பழம். "இருந்தாத்தானே தெரியும். இல்லாம இருந்துட்டா?"

கோமதிநாயகம் எழுந்து வந்து தங்கப்பழத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு எளிதான வழி அவருக்குத் தோன்றவே இல்லையே.

அப்படியாக வெள்ளிக்கிழமைப் படப்பிடிப்புக்கு அவர்கள் போகவில்லை. செல்வியும் சங்கரலிங்கமும் குளத்தங்கரையில் காத்திருந்தார்கள். மூன்று பேரும் ஸ்டூடியோவில் கதவைச் சாத்தி, மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கோமதிநாயகம் சங்கரலிங்கத்துக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நாங்க இருந்தது தெரிஞ்சுதா?"

"இல்லையே அண்ணாச்சி. யாருமே இல்லைன்னுல்லா நெனச்சோம்."

"கூச்சமா இருந்துதா?"

"துளிகூட இல்லை. படியில உக்காந்து பேசினோம், சிரிச்சோம். நேரம் போனதே தெரியலை."

கோமதிநாயகம் போனை வைத்துவிட்டு மற்ற இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார். மிட்டாய் வாங்கி வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, நிதானமாகக் கேமராவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே புதுப் படம் ஒன்றும் இல்லை.

"படம் எங்கவே?"

"நாம போகலையே அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து.

"நாம போகலை, சரி. கேமரா?"

"அதுவும் நம்மகூடத்தான் இருந்துச்சு."

தப்பு எங்கே நடந்தது என்று தங்கப்பழம்தான் கண்டுபிடித்தார். "நாம போகாம இருந்தது சரி. போகாதப்போ கேமராவை வீட்டுல வச்சிருக்கக் கூடாது." அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமைக்கு உரிய பாடம் வேறு. கை சும்மா இருந்தால் கூச்சம் வரும், ஆகையால் அவர்கள் தினமும் செய்கிற வேலையைச் செய்யச் சொல். சங்கரலிங்கம் தினமும் செய்வது கம்பத்தில் ஏறுவது. செல்வி தினமும் செய்வது ஊசி போடுவது. இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று சனிக்கிழமை தெற்குத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். சங்கரலிங்கம் கம்பத்தின் உச்சியில் இருந்தான். சாப்பாட்டு நேரத்தில் செல்வியை ஊசிப் பெட்டியோடு கம்பத்தடிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள்.

"சரி, வந்துட்டேன். யாருக்கு ஊசி போட?" என்று கேட்டாள்.

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. மூன்று பேரும் ஆலோசனை செய்தார்கள். போன வாரம் துருப்பிடித்த ஆணி சொரிமுத்துவின் காலில் குத்தியது நினைவுக்கு வந்தது.

"அன்னைக்கே வந்திருக்கணும்லா அண்ணே! நீட்டுங்க கையை" என்று சொல்லி, செல்வி முறைப்படி அவருக்கு ஊசி போட்டாள். அந்த வாரம் முழுக்க நடந்த வேலைகளில் உருப்படியான ஒரே வேலை அதுதான்.

கோமதிநாயகம் மேலே இருந்தவனும் கீழே இருந்தவளும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் போனார். போதவில்லை. இன்னும் பின்னால் போனார். தெரு முனை வரை போனார். அதற்குள் மின்சாரம் இல்லாத தெற்குத் தெரு ஜனம் முழுவதும் வீட்டுக்குள் புழுங்க முடியாமல் வெளியே வந்து, என்னமோ படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, கம்பத்தைச் சுற்றி நின்றுகொண்டது. கோமதிநாயகம் பட்டனை அமுக்கினார்.

படம் தெளிவாகத்தான் வந்தது. இருநூறு பேர் கேமராவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காத இரண்டு பேர் யார் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருவர் கடுகளவு மேலே இருந்தார், ஒருவர் கடுகளவு கீழே.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் செல்வியின் வீட்டுக் கொல்லையில், துணி காய்கிற கொடியின் கீழே எல்லாரும் கூடியபோது அதே பச்சைச் சேலையில் நின்ற செல்வி அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"எங்கப்பா என்னைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "இவுகளைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. வாயால சொன்னா அப்பா நம்பமாட்டேங்காரு. மூஞ்சியால சொல்லலாம்னா இந்த மூஞ்சி சொல்லமாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?"

வெள்ளைச் சட்டையில் வந்திருந்த சங்கரலிங்கம் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். "அழாத செல்வி. வேணும்னா நான் மஸ்கட்டுக்கே போயி உங்கப்பா முன்னால நிக்கேன். கேமரா இல்லாம நின்னா எனக்குச் சிரிக்க வரும்" என்றான்.

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முட்டாள்கள்தான், ஆனாலும் மனசு இருக்கிறது இல்லையா. கோமதிநாயகம் மூக்கை உறிஞ்சிவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது: நீ சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள்.

"சிரிங்கவே" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி சிரிக்க?" என்றார் சொரிமுத்து.

"எதுக்குன்னு பாடத்துல போடலை. சும்மா சிரி."

மூன்று பேரும் வரிசையாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஹா ஹா ஹா" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. செல்வியும் சங்கரலிங்கமும் பயந்துபோய் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"சரியா வரலை" என்றார் தங்கப்பழம். "அண்ணாச்சி, நீங்க கேமராவைப் பிடிச்சுக்கிட்டே சிரிக்கீங்க. அதனால உங்களுக்குப் பாதிச் சிரிப்புதான் வருது. கையை வீசிச் சிரிக்கணும்."

"அப்ப கேமராவை யாரு பிடிக்கது? நீ?"

"நான் பிடிச்சா என் சிரிப்பு பாதியாயிரும்லா."

சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அவருக்கு ஊசி போட்ட கை வலி. அந்தக் கொல்லையில் சிரிக்க வேண்டிய கடமை இல்லாமல் சும்மா நின்றவர்கள் இரண்டே பேர்தான்.

"மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பிடிங்க. தாயி, நீயும் ஒரு கை குடு, கனமா இருக்கும்" என்று கோமதிநாயகம் கேமராவை அவர்கள் கையில் கொடுத்தார். "நாங்க நல்லாச் சிரிச்சு முடிச்சிட்டு வாங்கிக்கிடுதோம்."

பிறகு மூன்று பேரும் மிகுந்த பொறுப்போடு, கையை வீசி வீசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, வாய் மட்டும் சிரித்தது. சொரிமுத்துவுக்கு ஒரு கை மட்டும் வீச வந்தது. வீசிய வேகத்தில் அது துணிக்கொடியில் மாட்டியது. பேச்சியம்மாளின் ஈரப் பாவாடை ஒன்று கோமதிநாயகத்தின் தலையில் வந்து விழுந்தது. பாவாடைக்குள் இருந்தபடியே அவர், "நிறுத்தாதீங்கவே! இன்னும் அவங்க சிரிக்கலை!" என்று கத்தினார்.

செல்வியால் தாங்க முடியவில்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அடுத்து சங்கரலிங்கம் உடைந்தான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கேமரா அவர்கள் கையில் இருந்தது. நாலு விரல் பட்டனில் இருந்தது. அது பாட்டுக்கு டிக் டிக்கென்று படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

"பலிச்சிட்டு! பலிச்சிட்டு!" என்று மூன்று பேரும் குதித்தார்கள். சொரிமுத்து குதித்தபடியே கேமராவுக்கு முகத்தை ஒட்டி வந்துவிட்டார்.

கேமராவை வாங்கிக்கொண்டு எல்லாரும் ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். சாயங்காலம் நாலரை மணி. கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்த்தால், நாற்பத்தொரு படம் இருந்தது. நாற்பத்தொன்றிலும் கோமதிநாயகம், சொரிமுத்து, தங்கப்பழம். சில படங்களில் பாவாடையும்.

"நாங்க எங்க அண்ணாச்சி?" என்றான் சங்கரலிங்கம்.

"நீங்கதான் கேமராவைப் பிடிச்சிருந்தீங்க."

"அப்ப நாங்க இதுல இருக்க மாட்டோம்லா."

கோமதிநாயகம் நாற்பத்தொரு படத்தையும் மறுபடியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

செல்வி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பேச்சியம்மாளின் போன் அடித்தது. மஸ்கட். அவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வாள்?

சொரிமுத்து மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய்த் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் அவர் முகம் கிட்டத்தில், பெரிதாக, தெளிவாக இருந்தது.

"அண்ணாச்சி, எம்மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா கண்ணுக்குள்ள என்னமோ தூசி கிடக்கு."

கோமதிநாயகத்துக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. தோற்றாலும் தூசியோடு தோற்கக் கூடாது. "தூசிதானே, அழிச்சிருதேன்" என்று சொல்லிப் படத்தைப் பெரிதாக்கினார். முகம் போய்க் கண் மட்டும் திரையில் நின்றது. இன்னும் பெரிதாக்கினார். கருவிழிக்கு நடுவில் அந்தத் தூசி இருந்தது. பச்சையாக ஒன்று, வெள்ளையாக ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"ரெண்டு தூசி" என்றார் தங்கப்பழம்.

"ரெண்டையும் அழிச்சிருதேன்" என்று கோமதிநாயகம் அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தார்.

"அண்ணாச்சி!" என்று செல்வி போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள் நின்றது. "கையை எடுங்க! அது நான்! பக்கத்துல அவுக!"

அவர்களேதான். சொரிமுத்துவின் இடது கண்ணுக்குள்ளே, பச்சைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக, தலையோடு தலை முட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வியின் கண் திறந்திருந்தது. சங்கரலிங்கத்தின் கழுத்து நன்றாக வளைந்திருந்தது. கண்ணை விட்டுவிட்டு அவர்களை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தார்கள். படம் கலங்கிப்போய், யார் என்றே தெரியவில்லை. கண்ணோடு பார்த்தால்தான் ஆள் தெரிந்தது. ஆகவே கண் முழுவதையும் அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள்.

பத்து நிமிஷம் போனது. போன் அடித்தது. பேச்சியம்மாள் எடுத்தாள்.

மறுபக்கத்தில் கந்தவேல் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "சிரிக்காளே" என்றார். "எம்மவ சின்னப் பிள்ளையில சிரிப்பாளே, அப்படியே சிரிக்காளே. நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துருதேன். அந்த ஸ்டூடியோக்காரங்ககிட்ட சொல்லு, வேற ஒரு படமும் வேண்டாம். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல இந்தப் படத்தையே பெருசா வைக்கச் சொல்லு."

செல்வி போனைப் பிடுங்கி, "அப்பா" என்றாள்.

கோமதிநாயகம் நோட்டை எடுத்தார். வேற ஒரு படமும் வேண்டாம். மண்டபத்து வாசலில். இந்தப் படத்தையே. பெருசா. நாலையும் தனித்தனி வரியில் எழுதி, நாலுக்கும் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

கல்யாண நாள் வந்தது. நம் பக்கத்து மண்டப வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுயரத்துக்குச் சிரிக்கிற பேனர் இல்லாமல் கல்யாணம் ஏது? இங்கேயும் கட்டியிருந்தார்கள். இருபது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். ஓரம் முழுக்கச் சிவப்பு நரம்பு ஓடிய ஒற்றைக் கண் தெருவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே 'அனைவரும் வருக' என்று எழுதியிருந்தது. கீழே நர்ஸ் ஆவுடைச்செல்வியின் பெயரும் இருந்ததால் ஊரில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து, கண் புரை விழுந்தவர்கள், கண்ணாடி உடைந்தவர்கள், கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று அறுபத்து மூன்று பேர் ரேஷன் கார்டோடு வந்து மண்டபத்து வாசலில் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய கந்தவேல் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எம்மவ கல்யாணத்துக்கு இம்புட்டுப் பேரா!" என்று ஒவ்வொருவர் கையிலும் சந்தனம் பூசி, கற்கண்டு கொடுத்து வரவேற்றார். அவர்களும் மருந்து போடும் முன்னால் இதெல்லாம் ஒரு முறை போலிருக்கிறது என்று வாங்கிக்கொண்டார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. வேறு படம் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கோமதிநாயகமும் தங்கப்பழமும் கேமராவைப் பையில் போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து மனசாரக் கைதட்டினார்கள். கேமரா இல்லாத மேடையில் செல்வியும் சங்கரலிங்கமும் ஊரே பார்க்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொரிமுத்துவை எங்கவே?" என்றார் கோமதிநாயகம்.

தங்கப்பழம் எழுந்து தேடிக்கொண்டு வெளியே போனார். சொரிமுத்து வரிசையில் அறுபத்து நாலாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். கையில் ரேஷன் கார்டு. தலையை அண்ணாந்து பேனரைப் பார்த்து, அடிக்கொரு தரம் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவே இங்க நிக்கே? உள்ள கல்யாணம் நடக்கு."

"கல்யாணம் எங்க போகுது? இலவச முகாம் தினமுமா வருது?" என்றார் சொரிமுத்து. "அங்க பாரு, எவனோ ஒருத்தன் கண்ணைக் கவனிக்காம விட்டு, எந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கான்னு. பாவம், உள்ள தூசிகூடக் கிடக்கு. அதைப் பாத்ததுலேர்ந்து எனக்குப் பயமாயிட்டு."

தங்கப்பழம் அண்ணாந்து அந்தக் கண்ணை நன்றாகப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபத்தைந்தாவது ஆளாக அவருக்குப் பின்னால் போய் நின்றார்.